அகதின்னா யாரு? கதை எழுத வெச்சு பசங்க மனசுல இருக்குற முத்திரையை உடைக்கிறது எப்படி – முழுமையான வழிகாட்டி

நான் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் தமிழ் எடுக்குற டீச்சர். எங்க ஸ்கூல்லேருந்து ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு, ஒவ்வொரு வகுப்புலயும் அங்கேருந்து வர்ற பசங்க நாலஞ்சு பேராவது இருப்பாங்க. பெஞ்சுல எல்லாரும் ஒண்ணாதான் உக்காருவாங்க, ஆனா ஒரு சண்டைன்னு வந்தா முதல்ல வாயிலேருந்து வர்ற வார்த்தை "போடா கேம்ப்பு". சொல்றவனுக்கு அது எவ்வளவு வலிக்கும்னு தெரியாது.

இதை மாத்தணும்னு ஆரம்பிச்சப்போ முதல் தப்பை நான்தான் பண்ணேன், அதை முதல்ல சொல்லிடறேன். முகாம்லேருந்து வர்ற ஒரு பொண்ணை எழுப்பி, "நீங்க பட்ட கஷ்டத்தை எல்லாருக்கும் சொல்லும்மா"ன்னு கேட்டேன். நல்ல எண்ணத்துலதான் கேட்டேன். அவ கொஞ்ச நேரம் தலையைக் குனிஞ்சு நின்னுட்டு, "நான் பொறந்ததே இங்க ஜிஎச்லதான் டீச்சர், எனக்கு என்ன தெரியும்"னா. பின் பெஞ்சுல சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் அவ ஸ்கூலுக்கே வரல. பசங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும் அகதின்னா அழுதுக்கிட்டே படகுல வந்த ஆளுங்குற ஒரே படம்தான் மனசுல இருந்திருக்கு, அதை அந்தப் பொண்ணு மேல மாட்டி விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் பல வருஷமா திருத்தித் திருத்தி வந்து நின்ன முறை இது. மொத்தம் ஏழு எட்டு பீரியடு ஆகும், அவசரப்படுத்தாம ரெண்டு வாரமா பிரிச்சுக்குங்க.

வகுப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி

விஷயம் தெரியாம போகாதீங்க. பசங்க நேரடியா கேப்பாங்க, நாம மழுப்பினா அடுத்த நிமிஷம் நம்பிக்கை போயிடும்.

இலங்கையில 1983 ஜூலையில தமிழர்களுக்கு எதிரா நடந்த கலவரத்துக்கு அப்புறம்தான் பெரிய அளவுல மக்கள் படகு ஏறி வர ஆரம்பிச்சாங்க. 1990ல திரும்ப சண்டை மூண்டப்போ ஒரு அலை, 90கள் நடுவுல ஒரு அலை, 2006க்கு அப்புறம் ஒரு அலைன்னு மொத்தமா 3 லட்சம் பேருக்கு மேல வந்திருக்காங்க. இதுல பெரும்பகுதி திரும்பிப் போயிட்டாங்க இல்ல வேற நாட்டுக்குப் போயிட்டாங்கங்குறது நிறைய பேருக்குத் தெரியாது. 2021ல அரசு சொன்ன கணக்குப்படி முகாம்கள்ல இருக்குறவங்க சுமார் 58,000 பேர், வெளிய போலீஸ்ல பதிஞ்சுட்டு இருக்குறவங்க சுமார் 34,000 பேர், அவ்வளவுதான். அந்த வருஷம்தான் அகதிகள் முகாம்ங்குற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க. 2022ல அங்க பொருளாதாரம் விழுந்தப்போ மறுபடியும் கொஞ்சம் பேர் தனுஷ்கோடி மணல் திட்டுல வந்து இறங்கினாங்க.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்து போடல, அதனால நம்ம சட்டத்துல அகதின்னு தனியா ஒரு இடமே கிடையாது, வெளிநாட்டவர்தான். சில பக்கத்து நாடுகள்லேருந்து வந்தவங்களுக்குக் குடியுரிமைக்கு வழி விடுற 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கை இல்ல. இங்கயே பொறந்து இங்கயே பன்னெண்டாவது முடிச்சு இன்ஜினியரிங் படிச்ச பையன்கூட குடியுரிமை இல்லாததால அரசு வேலைக்குப் போக முடியாம பெயிண்ட் வேலைக்குப் போறது இப்படித்தான். நம்ம ஊர்ல வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வர்ற அண்ணன்கள்ல எத்தனை பேர் முகாம்லேருந்து வர்றாங்கன்னு பசங்களைக் கவனிக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, வகுப்பையே அசைக்கிற விஷயம். முகாம்கள்ல இருக்குறவங்கள்ல கணிசமான பேர் மலையகத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்துல திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம்னு நம்ம பக்கத்துலேருந்தே இலங்கை மலைப்பகுதியில இருக்குற காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூட்டிட்டுப் போகப்பட்டவங்களோட பேரப்பிள்ளைங்க. 1948ல இலங்கை கொண்டுவந்த சட்டத்தால குடியுரிமையே இல்லாம நின்னாங்க, 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு ஆளுங்களைப் பிரிச்சாங்க. "அவங்க ஊருக்கே அவங்க போகட்டும்"னு ஒரு பையன் சொன்னப்போ நான் இதைச் சொல்லிட்டு, "எந்த ஊருக்குப் போகணும்னு நீயே சொல்லு"ன்னேன். பதில் வரல, ஆனா அன்னைக்கு முழுக்க அதையே யோசிச்சிருக்கான், மறுநாள் வந்து கேட்டான், "அப்ப எங்க தாத்தா ஊர்க்காரங்களும் அதுல இருப்பாங்களா டீச்சர்?" இருப்பாங்கப்பா.

முதல் பீரியடு: துண்டுச்சீட்டு

ஆளுக்கு ஒரு சீட்டு, பேர் எழுதக்கூடாது. "அகதின்னா உடனே மனசுல என்ன வருது?" இதுதான் கேள்வி. டீச்சர் கையெழுத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சுடுவாங்களோங்குற பயம் இருக்கும், அதனால பெரிய எழுத்துல எழுதச் சொல்லிட்டு வகுப்புல ஒருத்தரையே மடிச்சு வாங்கிட்டு வரச் சொல்லுங்க.

வர்றது பெரும்பாலும் இதுதான்: படகு, கிழிஞ்ச துணி, அழுகுற அம்மா, சும்மா காசு வாங்குறாங்க, நம்ம வேலை போயிடும், குண்டு, புலி, பாவம். இதை போர்டுல மூணு கூட்டமா எழுதுங்க – பயம், இளப்பம், பாவம். எதையும் மறுக்காதீங்க, திட்டாதீங்க, "இப்படி எழுதலாமா"ன்னு கேக்கவே கேக்காதீங்க, கேட்டீங்கன்னா அடுத்த தடவை எல்லாரும் உங்களுக்குப் பிடிச்சதைத்தான் எழுதுவாங்க.

முதல் ரெண்டு கூட்டமும் தப்புன்னு பசங்களுக்கே சீக்கிரம் புரிஞ்சுடும். மூணாவதுதான் கஷ்டம். பாவம்னு நெனைக்கிறது நல்ல குணம்தானேன்னு கேப்பாங்க. என்னைக் கேட்டா அதுதான் ரொம்ப நாள் உடையாம நிக்கிற முத்திரை, ஏன்னா பாவம்னு சொல்லிட்டா அந்த ஆளுக்கு அறிவு இருக்கு, கோபம் இருக்கு, கிரிக்கெட் பிடிக்கும், தங்கச்சிகூட சண்டை போடுவான், எதுவும் நமக்குத் தெரிய வேண்டியதில்ல. இந்த முழு வேலையுமே அந்தப் பாவத்தைத் தாண்டுறதுக்குத்தான்.

சீட்டை எல்லாம் ஒரு கவர்ல போட்டு ஒட்டி வெச்சுக்குங்க, கடைசியில வேணும்.

ரெண்டாவது: வார்த்தையும் தூரமும்

இதுக்கு அரை பீரியடு போதும். அ-கதி, கதி இல்லாதவங்க. இலங்கைத் தமிழ்ல ஏதிலின்னும் சொல்றாங்க. ஒருத்தரைக் கதி இல்லாதவர்னு நாம கூப்பிடுறோம், அவங்க தங்களை என்னன்னு சொல்லிக்குவாங்கன்னு கேளுங்க. டீச்சர், தச்சர், கபடி பிளேயர், அம்மான்னு பசங்களே அடுக்குவாங்க.

அப்புறம் மேப். தனுஷ்கோடி முனையிலேருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நம்ம ஊர்லேருந்து 30 கிலோமீட்டர்ல எது இருக்கு? எங்க பசங்க சொன்னது, புதுப்படம் பாக்கப் போற ஊர். அங்க போற தூரம்தானான்னு ஆச்சரியப்பட்டாங்க. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழியுற வரைக்கும் ரயில்ல போய் கப்பல் மாறி அந்தக் கரைக்குப் போய்ட்டு வந்துட்டுதான் இருந்தாங்கன்னு சேத்துச் சொல்லுங்க.

மூணாவது: நம்ம வீட்டுலேருந்து யாரு கிளம்பினாங்க?

வீட்டுல பாட்டி தாத்தாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வரச் சொல்லுங்க: நம்ம குடும்பத்துல யாராவது ஊரை விட்டுக் கிளம்ப வேண்டி வந்துச்சா, அப்ப கையில என்ன எடுத்துக்கிட்டாங்க?

இதுல வர்ற விஷயம் உங்களையே தூக்கிப்போடும். எங்க வகுப்புல ஒரு பையனோட கொள்ளுப்பாட்டி 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ பர்மாவுலேருந்து காட்டு வழியா நடந்து வந்தவங்க, அந்தக் குடும்பத்துக்கு இன்னைக்கும் ஊர்ல பர்மாக்காரங்கன்னுதான் பேரு. இந்தப் பையன்தான் முந்தின வாரம் வரைக்கும் மத்தவனை "கேம்ப்பு"ன்னு கூப்பிட்டுட்டு இருந்தான். 60கள்ல பர்மாவுல கடைகளை அரசு எடுத்துக்கிட்டப்போ திரும்பி வந்தவங்களாலதான் சென்னையில பர்மா பஜார் வந்துச்சு, பல ஊர்ல பர்மா காலனி இருக்கு. 2004 சுனாமியில கல்யாண மண்டபத்துல தங்கினவங்க, 2015 வெள்ளத்துல மொட்டை மாடியில நின்னவங்க, இதெல்லாமும் வரும்.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. வெள்ளத்துல ஒரு வாரம் மண்டபத்துல இருந்ததும், 30 வருஷம் முகாம்ல இருக்குறதும் ஒண்ணுதான்னு பசங்க முடிவுக்கு வந்துடக்கூடாது. தண்ணி வடிஞ்சதும் உனக்கு வீடு இருந்துச்சு, ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் அப்படியே இருந்துச்சு. அந்த வித்தியாசத்தை நிறுத்திச் சொல்லுங்க.

நாலாவது: ஒரு பொருள், ஒரு முடிவு

இதுதான் உயிர். இதுக்கு ரெண்டு பீரியடு குடுங்க, முடிஞ்சா மூணு.

"அகதியைப் பத்திக் கதை எழுது"ன்னு சொன்னா வகுப்புல நாப்பது பேரும் ஒரே கதையைத்தான் எழுதுவாங்க. குண்டு விழும், அம்மா அழுவா, படகு ஆடும், ஒருத்தர் சாவாங்க. அதனால தலைப்பே குடுக்காம ஒரு பொருளை மட்டும் குடுங்க. கிளம்புறப்போ கையில எடுத்த ஒரு பொருள். அந்தப் பொருளால அந்த ஆள் ஒரு முடிவு எடுக்க வேண்டி வரணும், அவ்வளவுதான் நிபந்தனை.

ஒரு பையன் தையல் மெஷின்னு எடுத்துக்கிட்டான். முதல்ல எழுதிட்டு வந்தது, "அந்தப் பாட்டி கண்ணீரோடு தாய்மண்ணைப் பிரிந்தாள், கையில் தையல் இயந்திரம் இருந்தது." நான் திருத்தாம கேள்வி மட்டும் கேட்டேன். மேசையோட சேத்து எப்படிடா படகுல ஏத்துவா? தெரியலன்னான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டெய்லர் கடைக்குப் போய்க் கேட்டுட்டு வந்தான். பெல்ட்டைக் கழட்டிட்டு, பின்னாடி இருக்குற ரெண்டு திருகாணியைத் தளர்த்தினா தலை மட்டும் தனியா வந்துடும், ஆனா சாய்ச்சு வெச்சா எண்ணெய் வடியும்னு அந்த அண்ணன் கழட்டியே காட்டியிருக்காரு, தூக்கியும் பாத்திருக்கான், ஒரு கைக்குழந்தை கனம்னான்.

அடுத்து எழுதினதுல கண்ணீர் ஒரு இடத்துலகூட இல்ல. பாட்டி ராத்திரி விளக்கு இல்லாம தடவித் தடவி திருகாணியைக் கழட்டுறா. மெஷின் தலையைச் சாக்குல சுத்தி மடியில வெச்சுக்கிறா. நடுக்கடல்ல படகுக்காரர் பாரம் ஜாஸ்தி, ஏதாவது ஒண்ணைத் தூக்கிப் போடுங்கன்றாரு. பாட்டிகிட்ட ரெண்டுதான் இருக்கு, மெஷினும் துணி மூட்டையும். துணி மூட்டையைத் தூக்கிப் போடுறா. பேத்தி கத்துறா, மாத்துத் துணி இல்லையேன்னு. பாட்டி சொல்றா, "துணி தைச்சுக்கலாம்." கரை இறங்குறப்போ அவ சேலை மடியெல்லாம் மெஷின் எண்ணெய்க் கறை.

வாசிச்சு முடிச்சப்போ வகுப்புல யாரும் பாவம்னு சொல்லல. "செம பாட்டி"ன்னாங்க. பதிமூணு வயசுப் பையன் எழுதினது இது, அவனுக்கு முகாமோட எந்தத் தொடர்பும் கிடையாது.

அஞ்சாவது: ஆளைப் பத்தி நாலு விஷயம்

எழுதிக்கிட்டு இருக்கும்போதே நோட்டு ஓரத்துல இதுக்குப் பதில் எழுதச் சொல்லுங்க. சண்டைக்கும் படகுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு ஆசை என்ன? எதுக்குக் கோபம் வரும்? யார்கிட்ட என்ன பொய் சொல்லியிருக்காங்க? எதுக்குச் சிரிப்பாங்க? பொய் ரொம்ப முக்கியம். அகதியைத் தப்பே பண்ணாத தெய்வமா எழுதுறதும் ஒரு முத்திரைதான். நல்லவங்களா இருந்தாத்தான் இடம் குடுப்போம்னு அதுக்கு அர்த்தம் வந்துடுது.

ஆறாவது: எதிர்ப்பக்கத்துலேருந்து

அதே கதையை வேற ஒருத்தர் கண்ணால ஒரு பக்கம் எழுதணும். வாடகைக்கு வீடு இல்லன்னு சொல்ற ஓனர், படகுக்காரர், முதல் நாள் பக்கத்துல உக்காந்த மாணவி, கணக்கெடுக்க வர்ற அதிகாரி. முகாம்ல ஆள் கணக்கு பாக்குற தணிக்கை நாள்ல குடும்பத்துல எல்லாரும் இருக்கணும், அன்னைக்கு மேட்ச் இருக்குற பையன் என்ன பண்ணுவான்? அந்த அதிகாரிக்கும் வீட்டுல ஒரு மேட்ச் ஆடுற பையன் இருக்கலாம். பசங்க இதை ரொம்ப நல்லா எழுதுவாங்க.

இந்தக் கட்டத்துலதான் யாராவது ஒருத்தர் ராஜீவ் காந்தி கொலையைக் கேப்பாங்க. கட்டாயம் கேப்பாங்க, வீட்டுல பேசுறாங்கல்ல. பயந்து பேச்சை மாத்தாதீங்க. 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்ல நடந்தது கொடுமையான கொலை, கூட நின்ன போலீஸ்காரங்களும் பொதுமக்களும் செத்தாங்க, அதைக் குறைச்சுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. அதுக்கப்புறம் முகாம்கள் மேல கண்காணிப்பு இறுகுச்சு. இப்ப இதைக் கதையாக் குடுங்க: மே 22 காலையில, உங்க வயசுல முகாம்ல இருக்குற ஒரு பொண்ணு தண்ணி பிடிக்கக் குழாயடிக்கு வர்றா. அங்க நேத்து வரைக்கும் பேசிட்டு இருந்த ஊர்ப் பொண்ணுங்க நிக்கிறாங்க. யாரு முதல்ல பேசுறா? ஒரு பக்கம் எழுதுங்கன்னு விட்டுட்டு நான் ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டேன். கேள்வி கேட்ட பையன் எழுதினதுல ஊர்ப் பொண்ணு எதுவும் பேசாம தன்னோட குடத்தை நகத்தி இடம் விடுறா.

பேச்சு மொழி

இலங்கைத் தமிழைச் சினிமாவுல பாத்துட்டு இழுத்து இழுத்து எழுதுவாங்க, அதை முதல் நாளே நிறுத்துங்க. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, மலையகம் எல்லாம் வேற வேற பேச்சு. மலையகப் பேச்சு நம்ம பேச்சுக்கு ரொம்பக் கிட்ட இருக்கும். இங்கயே பொறந்த பசங்க வீட்டுல ஒரு மாதிரியும் வகுப்புல நம்ம மாதிரியும் பேசுவாங்க. பாண் (பிரெட்), சவர்க்காரம் (சோப்பு), தேத்தண்ணி (டீ), வடிவு (அழகு)ன்னு தெரிஞ்ச வார்த்தை ரெண்டு மூணு போதும், தெரியலன்னா சாதாரணமா எழுதட்டும். அங்க பேசுறதையே கதைக்கிறதுன்னுதான் சொல்றாங்கன்னு பசங்ககிட்ட சொல்லிப் பாருங்க, "அப்ப அவங்க எல்லாரும் தினமும் கதை சொல்றாங்களா டீச்சர்"னு எங்க வகுப்புல ஒரு குட்டி கேட்டா, எனக்கு அது மறக்கவே இல்ல.

திருத்துறது

மூணு சோதனை வெச்சிருக்கேன். கதையில அகதிங்குற வார்த்தை எங்க இருந்தாலும் அடிச்சுடு, ஆள் இன்னும் நிக்கிறாளா? கண்ணீர் ஒரு தடவைக்கு மேல வந்தா மீதியை எடுத்துட்டு, அந்த இடத்துல கை என்ன பண்ணுச்சுன்னு எழுது. கடைசியில நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வந்து காப்பாத்துறாரா? அப்படின்னா முடிவை மாத்து. எழுத்துப்பிழையை இப்ப தொடாதீங்க, சிவப்பு மையைப் பாத்தா பசங்க மனசு கதையிலேருந்து போயிடும்.

இதெல்லாம் பண்ணாதீங்க

முகாம் பசங்களை அவங்க குடும்பக் கதையை எழுதச் சொல்லாதீங்க. அவங்களும் மத்தவங்க மாதிரி கற்பனையா எழுதட்டும். எங்க வகுப்புல முகாம் பையன் ஒருத்தன் பேய்க் கதை எழுதினான், நல்ல பேய், தாராளமா எழுதட்டும். தானா முன்வந்து வீட்டு விஷயத்தை எழுதினா அதை வகுப்புல வாசிக்கலாமான்னு தனியா கூப்பிட்டுக் கேளுங்க, வேணாம்னு சொன்னா அதோட விட்டுடுங்க. எழுதும்போது யாராவது உடைஞ்சு அழுதா எழுதுறதை நிறுத்துங்க, கூட இருங்க, ஆலோசகர் இருந்தா சொல்லுங்க. கதையோட பசங்களை போட்டோ எடுத்து குரூப்ல போடுறது, ஸ்டேட்டஸ் வைக்கிறது எதுவும் வேண்டாம், அந்தக் குடும்பங்களுக்கு அதனால வர்ற தொந்தரவு நமக்குத் தெரியாது.

பக்கத்துல முகாமே இல்லன்னாலும் செய்யலாம். திபெத்திலேருந்து வந்து கர்நாடகாவுல பைலகுப்பேயில விவசாயம் பண்றவங்க, சென்னைக்குப் பக்கத்துல கேளம்பாக்கத்துல இருக்குற ரோஹிங்கியா குடும்பங்கள்னு எடுத்துக்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்ல முதல் தடவையா அகதிகள் அணின்னு பத்து பேர் இறங்கினாங்க, 2024 பாரிஸ்ல சிண்டி இங்காம்பா குத்துச்சண்டையில வெண்கலம் வாங்கினாங்க, அந்த அணிக்கு அதுதான் முதல் மெடல். விளையாட்டுப் பசங்களுக்கு இது உடனே பிடிக்கும்.

கடைசி பீரியடு

வட்டமா உக்காந்து வாசிக்கட்டும். எழுதினவங்களே வாசிக்கணும்னு இல்ல, மாத்தி வாசிச்சா யாரு எழுதினதுங்குற பேச்சே வராது. கை தட்டி மார்க் போடாதீங்க. கேக்குறவங்க அந்த ஆளைப் பத்தி ஒரு கேள்வி கேக்கணும், அவ்வளவுதான்.

முடிச்சதும் திரும்ப அதே துண்டுச்சீட்டு, அதே கேள்வி. அப்புறம் பழைய கவரைப் பிரிச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எல்லாம் மாறிடாது. எனக்கு போன தடவைகூட "சும்மா காசு வாங்குறாங்க"ன்னு ரெண்டு சீட்டு அப்படியே வந்துச்சு, அந்த ரெண்டு பேருக்காக மாச உதவித்தொகை எவ்வளவு, அதுல ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓட்டும்னு ஒரு கணக்கு போட்டுப் பாக்கணும்னு கணக்கு டீச்சர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். மத்த சீட்டுல பாவம்ங்குற வார்த்தை குறைஞ்சு கேள்விக்குறி கூடியிருந்துச்சு. தையல் மெஷின் எழுதின பையன் பேர் போட வேணாம்னு சொல்லியும் பேரைப் போட்டு எழுதியிருந்தான்: "மெஷினை மாட்ட பாட்டிக்கு இங்க மேசை எப்படிக் கெடச்சுதுன்னு இன்னும் எழுதல டீச்சர், இன்னொரு பீரியடு வேணும்."